‘கலைத்தல்’ என்றால் என்ன?

1861இல் குயின்ஸ்லாந்து நாடாளுமன்ற விசாரணைக் குழு, பூர்வகுடிப் போலீஸ் படையின் அதிகாரி ஃபிரெடரிக் வீலரிடம் ‘கலைத்தல்’ என்றால் என்ன என்று கேட்டது. பூர்வகுடி மக்களைச் சுடுவதுதான் என்றார் வீலர், ஒளிவுமறைவு இல்லாமல். அந்த அதிகாரி சொன்ன அளவுக்குக்கூட ஆஸ்திரேலியப் பாடநூல்கள் நெடுங்காலம் வாய் திறக்கவில்லை. 1917இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதிய வால்டர் மர்டாக், ஆஸ்திரேலிய வரலாறு என்பது வெள்ளையரின் வரலாறே என்று தொடக்கத்திலேயே வரம்பு கட்டிவிட்டார். 1968இல் மானிடவியலாளர் ஸ்டேனர் இந்த மௌனத்தைச் சுட்டிக்காட்டியபோது, இது வெறும் மறதியல்ல என்றும் சேர்த்துச் சொன்னார்.

மௌனம் இப்போது கலைந்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இப்போது எழுதப்படுவது ‘கறுப்புப் பட்டை’ வரலாறு, அதாவது துக்கம் மட்டுமே காட்டும் வரலாறு, என்று 1993இல் வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி பிளெய்னி சொன்ன குறையிலும் கொஞ்சம் நியாயம் உண்டு; வந்தவர்கள் எல்லோர்மீதும் ஒரே பழியைப் போட முடியாது: 1788இல் 11 கப்பல்களில் வந்து இறங்கியவர்களில் பெரும்பாலோர் கைதிகள், விரும்பி வந்தவர்கள் அல்ல. ஆனால் யாருடைய நிலத்தில் இறங்கினார்கள் என்ற கேள்விக்கு அது விடையாகாது.

என் குறை வேறு. குடியேற்ற எல்லைப்புறத்தில் பூர்வகுடிகள் கொல்லப்பட்டதற்கு இன்று வகுப்பறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது மயால் கிரீக் பண்ணைப் படுகொலை. 1838 ஜூன் 10 அன்று குடியேற்றத் தரப்பினர் பன்னிரண்டு பேர் அளவில் வந்து, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமான பூர்வகுடிகள் 28 பேரைக் கயிற்றில் கட்டி இழுத்துப்போய் வெட்டிக் கொன்றார்கள்; பிறகு உடல்களை எரித்தார்கள். பண்ணையில் வேலை பார்த்த கைதி ஜார்ஜ் ஆண்டர்சன் சாட்சி சொன்னார். முதல் விசாரணையில் பதினொரு பேரும் விடுதலை. மறுவிசாரணையில் ஏழு பேருக்குத் தூக்கு. தொங்கியவர்கள் எல்லோரும் கைதிகள் அல்லது முன்னாள் கைதிகள். கூட்டத்தில் இருந்த சுதந்திரக் குடியேறி ஜான் ஃபிளெமிங் பிடிபடவே இல்லை.

படிக்கும் பிள்ளைக்கு இதிலிருந்து எது மிஞ்சும்? கொடுமை நடந்தது, சட்டம் தண்டித்தது என்பதுதான். ஆனால் தண்டனை கிடைத்தது விதிவிலக்கு. அதையே மாதிரியாக வைத்தால், சொன்னது அத்தனையும் உண்மையாக இருந்தும் பாடம் பொய்யாகிவிடுகிறது. பழைய நூல்களின் மௌனத்தைவிட இந்த எடுத்துக்காட்டுத் தேர்வின் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம். அதனால் இதைப் பெரிய குறையாகவே வைக்கிறேன்.

வழக்கமாக நடந்தது வேறு. அதே 1838இல், ஜனவரி 26ஆம் தேதி, குடியேற்றம் தொடங்கிய நாளின் ஐம்பதாம் ஆண்டு நிறைவன்று, வாட்டர்லூ கிரீக்கில் மேஜர் நன்னின் குதிரைப்படைப் போலீஸ் பூர்வகுடிகளைச் சுட்டது. எத்தனை பேர் செத்தார்கள் என்பதில் இன்றும் கணக்கு ஒத்துப்போகவில்லை. சுட்டவர்கள் அரசின் ஆட்கள்தான். விசாரணை நடந்தது, ஒருவருக்கும் தண்டனை இல்லை.