வட்டிலப்பமும் பொங்கலும்

இன ஐக்கியம் பற்றிய எமது சிறுகதைகளில் ஒரு தமிழ் நண்பர் வருவார். பெருநாளைக்கு அவர் வீட்டுக்கு வட்டிலப்பம் போகும். தைப்பொங்கலுக்கு அங்கிருந்து பொங்கல் வரும். கலவரம் மூளும். அவர் எம்மவரைக் காப்பாற்றுவார், அல்லது காப்பாற்ற முடியாமல் அழுவார். கதை முடியும். நானும் இவ்வாறு இரண்டு கதைகள் எழுதியவன்; ஆகவே வெளியே நின்று இதனைச் சொல்லவில்லை.

1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டு, ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின்னர் அந்த நண்பர் எமக்கு மிகவும் தேவைப்பட்டார். அப்படிப்பட்டவர்கள் உண்மையில் இருந்தார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனது குறை வேறு. கதையில் வரும் அவருக்குத் தொழில் இல்லை, கடன் இல்லை, சாதியும் இல்லை. வயற்காணி, வாய்க்கால் தண்ணீர், சந்தைக் கடை என்று இரு சாராரும் பிணங்கவும் இணங்கவும் காரணமான விடயங்கள் கதைக்குள் தலைகாட்டுவதேயில்லை. நல்லவர் என்ற ஒன்றை விட்டால் அவரைப் பற்றி எமக்கு எதுவும் தெரியாது.

உறவைக் கட்டுவது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு எமது இலக்கிய உலகிலேயே உதாரணம் உண்டு. டொமினிக் ஜீவா சவரத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். அந்தப் பிறப்பின் பெயராலேயே அவமதிக்கப்பட்டவர். யாழ்ப்பாணத்தில் ஜோசப் சலூனிலிருந்து 1966இல் மல்லிகையைத் தொடங்கி, இதழைக் கையில் சுமந்து திரிந்து விற்று, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். திக்குவல்லை கமாலின் எழுத்துக்கு அங்கே இடமிருந்தது. தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத மேமன்கவி அவ்விதழுக்கு மிக நெருக்கமானவரானார். சிங்களப் படைப்புகள் மொழிபெயர்ப்பில் வந்தன. எம்மவர் அங்கே விருந்தாளியாக அல்ல, வீட்டாராகவே போய் வந்தனர்.

2021 ஜனவரியில் ஜீவா காலமானபோது நானும் ஓர் அஞ்சலிக் குறிப்பு எழுதினேன். யாழ்ப்பாணச் சாதித் திமிரை அதில் நன்றாகவே சாடியிருந்தேன். எழுதி முடித்த பின்னர்தான் எங்களூர் ஒஸ்தா மாமா நினைவுக்கு வந்தார்.

கிழக்கில் எமது தலைமுடியைத் திருத்தி, பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்து வந்த பரம்பரையினர் அவர்கள். ஒரே ஸப்பில் நின்று தொழுவோம். சம்பந்தம் பேசப் புறப்பட்டால் மட்டும் அவர்கள் வீட்டைத் தாண்டிப் போய்விடுவோம். இஸ்லாத்தில் சாதியில்லை என்ற வாக்கியம் முற்றிலும் சரியானது. அந்த வாக்கியத்தின் நிழலிலேயே இந்த விடயத்தை எழுதாமலும் விட்டிருக்கிறோம். தமிழரின் சாதிக் கொடுமையை எழுத கே. டானியல் வந்தார். நான் படித்த எமது கதைகளிலோ ஒஸ்தா பெரும்பாலும் சிரிப்பு மூட்டும் பாத்திரம்தான். அடுத்த இனத்தவரோடு கைகுலுக்கும் கதையை எழுதுவது எமக்கு ஏன் இவ்வளவு சுலபமாயிற்று என்பதற்கு இங்கேயும் ஒரு பதில் இருக்கிறது என எண்ணுகிறேன். அந்தக் கதையில் நாம் எப்போதும் பாதிக்கப்பட்டோர் அல்லது பெருந்தன்மையானோர்.

எனது பழைய ஐக்கியக் கதையொன்றை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். சுன்னத்துக் கலியாண வீடு. வாப்பா தமிழ் நண்பரை நடுமண்டபத்துப் பாயில், தன்னோடு ஒரே சஹனில் இருத்துகிறார். அந்த இடத்தை அன்று பலர் பாராட்டினார்கள். ஒஸ்தாவுக்கு ஒரேயொரு வசனம்தான் கொடுத்திருக்கிறேன்: வேலை முடிந்து, கூலியை வாங்கிக்கொண்டு, குசினிப் பக்கத்தால் போகிறார்.