யாரிடம் கேட்பது? – கென் லோச்சின் 'நவிகேற்றேர்ஸ்' படத்தை முன்வைத்து

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை, நண்பர் ஒருவருடைய வீட்டில் ஏழெட்டுப் பேர் கூடி கென் லோச்சின் 'நவிகேற்றேர்ஸ்' படத்தைப் பார்த்தோம். 2001இல் வெளிவந்த பழைய படம்தான். முடிந்தபின் தேநீரோடு விவாதம் தொடங்கியது. ஒரு நண்பர் சொன்னார்: "நல்ல படம். ஆனால் இது வெள்ளைக்காரத் தொழிலாளியின் பிரச்சினை. இதில் எங்களுக்கு என்ன இருக்கிறது?" இன்னொருவர், அவர் மார்க்சியம் நன்கு படித்தவர், வேறுவிதமாகச் சொன்னார்: "அரசு எப்போதுமே ஒடுக்குமுறைக் கருவி. தண்டவாளம் அரசிடம் இருந்தால் என்ன, முதலாளியிடம் இருந்தால் என்ன?" அன்று இரண்டுக்கும் என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் காலை ஆறு மணிக்கு எனக்கு வேலை. இடையில் எழும்பி வந்துவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

படத்தின் தலைப்பு ஒரு பழைய பெயர். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கால்வாய்களையும் பின்னர் றெயில் பாதைகளையும் மண்வெட்டியால் வெட்டிய கூலிகளை அப்படித்தான் அழைத்தார்கள். லோச் காட்டுவது அவர்களுடைய வாரிசுகளை. 1995ஆம் ஆண்டு, தென் யோர்க்ஷயர். தண்டவாளம் பராமரிக்கும் ஒரு சிறு தொழிலாளர் குழு ஒருநாள் காலை வேலைக்கு வரும்போது தங்கள் எசமான் மாறிவிட்டதை அறிகிறது. அதே டிப்போ, அதே மேற்பார்வையாளர், அதே தேநீர்க் குவளை. ஆனால் அவர்கள் இனிமேல் பிரித்தானிய றெயில்வேயின் ஆட்கள் அல்ல, ஒரு கொம்பனியின் ஆட்கள். மேற்பார்வையாளர் புதிய நிர்வாகத்தின் கொள்கை அறிக்கையை வாசிக்கிறார். ஆட்கள் சிரிக்கிறார்கள். விபத்து மரணங்களை 'ஏற்றுக்கொள்ளக்கூடிய அளவில்' வைத்திருக்கவேண்டும் என்று அதில் வருகிறது. அதற்கும் சிரிக்கிறார்கள். படம் முடியும்போது அந்தச் சிரிப்பு பார்வையாளனின் தொண்டையில் நிற்கிறது.

படம் விளக்காமல் விட்ட பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். 1993ஆம் ஆண்டின் றெயில்வேச் சட்டம் ஒரே நிறுவனத்தை நூறுக்கு மேற்பட்ட துண்டுகளாக உடைத்தது. தண்டவாளமும் சிக்னலும் றெயில்ட்ராக் என்ற ஒரு கொம்பனிக்கு. வண்டி ஓட்டுவது இருபத்தைந்து கொம்பனிகளுக்கு. வண்டிகளின் உடைமை இன்னும் மூன்று கொம்பனிகளுக்கு. பராமரிப்பு ஒப்பந்தக்காரருக்கு, அவரிடமிருந்து துணை ஒப்பந்தக்காரருக்கு, அவரிடமிருந்து ஆள் பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ஸிக்கு. 1996இல் றெயில்ட்ராக்கின் பங்குகள் சந்தைக்கு வந்தன. இதைத் தனியார்மயம் என்ற ஒரு சொல்லால் சொல்லிவிட்டால் பாதியே சொன்னதாகும். உடைமை மட்டும் கைமாறவில்லை. 'இது ஏன் இப்படி நடந்தது?' என்று கேட்டால் திரும்பிப் பார்க்க ஒரு முகம் இருந்ததல்லவா, அந்த முகமும் நூறு துண்டாகியது.

இதை லோச் வாதமாக அல்ல, சம்பவமாகக் காட்டுகிறார். படத்தின் கடைசிப் பகுதியில் இந்த நண்பர்கள் ஏஜென்ஸி மூலம் நாட்கூலிக்குப் போகிறார்கள். லீவுச் சம்பளம் இல்லை, சுகமில்லையென்றால் சம்பளம் இல்லை. இரவில் தண்டவாள ஓரத்தில் கொங்கிறீற் வேலை. றெயில் வருவதைப் பார்த்துக் குரல் கொடுக்கத் தனியாக ஒரு ஆள் நிற்கவேண்டும், ஆள் இல்லை. ஜிம் என்ற தொழிலாளியை றெயில் அடிக்கிறது. முன்பு பாதுகாப்பைப்பற்றி வாய்திறந்ததால் வேலை கிடைக்காமல் வாடிய மிக்தான் இப்போது மற்றவர்களைச் சம்மதிக்கவைக்கிறான்: ஜிம்மைத் தூக்கிக்கொண்டு போய் றோட்டோரத்தில் போடுவோம், கார் அடித்ததென்று சொல்வோம்; இல்லாவிட்டால் எங்களுக்கு இனி வேலையில்லை. அப்படியே செய்கிறார்கள்.

இந்தக் காட்சியை மனிதப் பலவீனத்தின் காட்சியாகவே பலரும் பார்க்கிறார்கள். எனது வாசிப்பு வேறு. மேலே அமைச்சரும் கொம்பனியும் ஒப்பந்தத்தாளில் கையெழுத்திட்டுச் செய்ததை இந்தத் தொழிலாளர்கள் கீழே கையால் செய்கிறார்கள். பொறுப்பைத் தண்டவாளத்திலிருந்து தூக்கி வேறோர் இடத்தில் வைக்கிறார்கள்.

இது மிகைப்படுத்தலா? 2000 ஒக்ரோபர் 17, ஹற்ஃபீல்ட். வெடிப்பு விழுந்த தண்டவாளம் நொருங்கி வண்டி தடம் புரண்டதில் நால்வர் இறந்தார்கள். வெடிப்பு முன்பே தெரிந்திருந்தது. மாற்றிப் போடவேண்டிய புதுத் தண்டவாளம் மாதக்கணக்காகப் பக்கத்திலேயே கிடந்தது. தண்டவாளம் றெயில்ட்ராக்கினுடையது, பராமரிப்பு பல்ஃபோர் பீற்றி கொம்பனியிடம், புதுப்பிக்கும் வேலை இன்னொரு ஒப்பந்தக்காரரிடம். 2005இல் வழக்கு முடிந்தபோது கொலைக்குற்றச்சாட்டு எவர்மீதும் நிற்கவில்லை. பாதுகாப்புச் சட்டத்தை மீறியதற்கு மட்டும் அபராதம்: பல்ஃபோர் பீற்றிக்கு ஒரு கோடி பவுண், பின்னர் மேன்முறையீட்டில் 75 இலட்சமாகக் குறைந்தது. றெயில்ட்ராக்கோ 2001இலேயே முறிந்து, 2002இல் அதனிடத்துக்கு நெற்வேர்க் றெயில் வந்துவிட்டது. அரசாங்க மானியத்தில் இயங்கிய அந்த வாரிசு நிறுவனமே 35 இலட்சம் பவுணைக் கட்டியது. இறந்தவர்களுக்கான தண்டனைப் பணத்தில் ஒரு பகுதி, சுற்றிச் சுழன்று, பயணிகளின் வரிப்பணத்திலிருந்தே போயிற்று.

இவ்வளவும் படத்தின் பலம். இனி எனது முரண்பாடுகள்.

முதலாவது, படம் பழைய பிரித்தானிய றெயில்வேயை ஒரு குடும்பம்போலக் காட்டுகிறது. அந்தத் தோழமை உண்மைதான். ஆனால் அந்த நிர்வாகம் கேள்விக்குப் பதில் சொன்ன நிர்வாகமா? 1988 டிசம்பர் 12இல் கிளப்பம் சந்தியில் 35 பேர் இறந்தார்கள். காரணம், சிக்னல் பெட்டியில் சரியாக வெட்டி அகற்றப்படாத ஒரு பழைய வயர். அந்த வேலையைச் செய்த தொழில்நுட்பவியலாளருக்குப் பதின்மூன்று வாரங்களில் ஒரேயொரு நாள்தான் ஓய்வு கிடைத்திருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது. அப்போது றெயில்வே முழுக்க அரசினுடையது. இன்னொன்றும் உண்டு. இந்தப் படத்தின் கதையை எழுதிய ரொப் டோபர் றெயில்வேத் தொழிலாளி. வேலையில் சுவாசித்த அஸ்பெஸ்ரஸ் தூசியால் வந்த புற்றுநோயில், படம் திரைக்கு வருமுன்னரே, 2001இல் இறந்துபோனார். பழைய றெயில்வே எப்படிப்பட்டது என்பதற்கு அவருடைய நுரையீரலும் ஒரு சாட்சி. அந்தச் சாட்சியைப் படம் உள்ளே எடுத்திருந்தால் அது இன்னும் நேர்மையான படமாக இருந்திருக்கும்.

ஆனாலும் ஒரு வித்தியாசத்தை மறுக்கமுடியாது. கிளப்பம் விபத்தின் பின் பிரித்தானிய றெயில்வே தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. எவரும் சிறை போகவில்லை. நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை. ஆயினும் ஒப்புக்கொள்ள ஒரு வாய் இருந்தது.

இரண்டாவது முரண்பாடு இன்னும் அடிப்படையானது. இந்தப் படத்தில் தொழிலாளி இருக்கிறான், முதலாளியின் ஆள் இருக்கிறான். பயணி இல்லை, வாக்காளன் இல்லை. இத்தனைக்கும் கதை நடப்பது தென் யோர்க்ஷயரில். 1974இலிருந்து 1986வரை அந்தக் கவுண்டிச் சபை பஸ் கட்டணத்தை வேண்டுமென்றே மிகக் குறைவாக வைத்திருந்தது. அது மக்கள் வாக்களித்து ஏற்ற ஒரு கொள்கை. பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் சபையையே மாற்றலாம். தட்சர் அரசாங்கம் 1986 ஏப்ரலில் அந்தச் சபையை இல்லாமலாக்கியது. அதே ஆண்டு ஒக்ரோபரில், 1985ஆம் ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின்படி, லண்டனுக்கு வெளியே பஸ் சேவை சந்தைக்குத் திறந்துவிடப்பட்டது. கட்டணம் பல மடங்கு ஏறியது. படத்தில் வரும் தொழிலாளர்களின் மனைவிமாரும் பிள்ளைகளும் இந்தப் பஸ்களில்தான் போய்வந்திருப்பார்கள். றெயிலுக்கு ஒன்பது வருடம் முன்னரே அதே ஊரில் ஒத்திகை நடந்துவிட்டது என்பதைப் படம் தொடவேயில்லை. அதனால் பொறுப்புக்கூறல் என்பது தொழிலாளிக்கும் முதலாளிக்கும் இடையிலான கணக்காகச் சுருங்கிவிடுகிறது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது. நான் வேலைசெய்யும் பக்ரறி ஊருக்கு வெளியே இருக்கிறது. ஆறு மணி வேலைக்குப் போக, ஐந்து மணிக்குச் சற்று முன்னர் ஒரு பஸ் இருந்தது. சில வருடங்களுக்கு முன் அதை நிறுத்தினார்கள். கொம்பனிக்கு எழுதினேன், இலாபமில்லை, மானியம் வேண்டுமானால் கவுன்சிலைக் கேள் என்றது. கவுன்சிலுக்கு எழுதினேன், அது வர்த்தகச் சேவை, நாங்கள் தலையிடமுடியாது, மானியத்துக்குப் பணமுமில்லை, மத்திய அரசாங்கம் வெட்டிவிட்டது என்றது. மத்திய அமைச்சுக்கு எழுதினேன்; உள்ளூர்ச் சேவைகள் உள்ளூர் விடயம் என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. மூன்று கடிதமும் சட்டப்படி சரி. அதுதான் அதிலுள்ள விசேஷம். பஸ் கொம்பனி சில வாரங்களுக்கு முன் அறிவித்துவிட்டு ஒரு சேவையை நிறுத்தலாம். அது யாரையும் கேட்கத் தேவையில்லை.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து டாக்சியில் போகத் தொடங்கினோம். ஏஜென்ஸி மூலம் வந்த ஒரு பெண்ணுக்கு அந்தக் காசு கட்டுப்படியாகவில்லை. நடந்து வந்தார். மூன்று தடவை பிந்தினார். நாலாவது தடவை அவருக்கு ஏஜென்ஸியிலிருந்து தொலைபேசி வரவில்லை. அவரை எவரும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

இப்போது நண்பர்களின் கேள்விகளுக்கு வருகிறேன். 'எங்களுக்கு இதில் என்ன இருக்கிறது' என்று கேட்டவர் தினமும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறார் என்பதை நினைவூட்டினால் போதும். மற்றவருக்குத்தான் நீண்ட பதில் தேவை. எங்கள் தலைமுறைக்கு அரசு என்றால் இராணுவம், பொலிஸ், சோதனைச்சாவடி. இங்கே வந்தபின் குடிவரவு அலுவலகம். அரசை நாங்கள் எதிரியாக மட்டுமே அறிந்தோம். அது எங்கள் தவறல்ல. ஆனால் அந்த அனுபவம், அரசு கையைக் கழுவிக்கொண்டு போகும்போது 'போனால் போகட்டும்' என்று சொல்லும் பழக்கத்தையும் எங்களுக்குத் தந்திருக்கிறது. அரசு அடிக்கும்போது எதிர்க்கத் தெரிந்த நாங்கள், அது விலகிப்போகும்போது மறித்துக் கேட்கப் பழகவில்லை. தட்சருக்கும் அரசு வேண்டாம், எங்கள் தீவிர நண்பருக்கும் அரசு வேண்டாம். காரணங்கள் நேர்மாறானவை, பஸ் தரிப்பில் நிற்கிறவளுக்கு விளைவு ஒன்றே.

'பொறுப்புக்கூறல்' என்ற சொல்லைப் பாருங்கள். 2009க்குப் பிறகு அதை நாங்கள் ஜெனிவாவுக்கு என்றே ஒதுக்கிவைத்திருக்கிறோம். அங்கே கேட்கப்படும் நீதிக்கும் ஒரு பஸ்ஸுக்கும் எடை ஒன்றல்ல. அப்படிச் சொல்ல நான் மூடனல்ல. ஆனால் கேட்கும் பழக்கம் ஒன்றுதான். ஊரில் டிப்போ அத்தியட்சகருக்கும் பிரதேசசபைக்கும் பெட்டிஷன் எழுதிய சமூகம் நாங்கள். பதில் வந்ததோ இல்லையோ, எழுதவேண்டிய விலாசம் தெரிந்திருந்தது. இங்கே வந்து அதை மறந்தோம். பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில், இங்கே தங்க அனுமதி பெற்ற இலங்கையருக்கு, பிரித்தானியக் குடியுரிமை கிடைக்குமுன்பே வாக்குரிமை உண்டு. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் எத்தனை பேர் உள்ளூர்ச் சபைத் தேர்தலில் வாக்களித்திருக்கிறோம்? நான் பல வருடங்களாக வாக்களிக்கவில்லை. மூன்று கடிதம் எழுதியபின்தான் போய்ப் பதிந்தேன்.

காலம் இப்போது சிறிது திரும்பியிருக்கிறது. மன்செஸ்ரர் பிராந்தியம் பஸ் கொம்பனிகளின் வழக்கையும் தாண்டி, 2023 செப்ரெம்பரிலிருந்து படிப்படியாகத் தன் பஸ்களைப் பொதுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து 2025 ஜனவரியில் முடித்தது. 2024இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பயணிகள் றெயில் சேவைகளும் ஒவ்வொன்றாக அரசிடம் திரும்புகின்றன. இதை நான் வரவேற்கிறேன், விழா எடுக்கமாட்டேன். கிளப்பம் சந்தியையும் டோபரின் நுரையீரலையும் மறந்து உடைமை மாற்றத்தை மட்டும் கொண்டாடினால், லோச்சின் படம் செய்த தவறையே நாங்களும் செய்வோம். வண்டியில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்பதோடு, அந்த வண்டி வராத அன்று யார் பதில் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் அவரை எப்படி மாற்றுவது என்பதையும் சட்டத்தில் எழுதவைக்கவேண்டும். அதைக் கேட்பதற்குத் தொழிலாளியும் பயணியும் ஒன்றாக நிற்கவேண்டும். எங்கள் பக்ரறியில் அந்த இரண்டும் ஒரே ஆட்கள்தான்.

அந்தப் பஸ் இன்னமும் திரும்பி வரவில்லை. நண்பர்கள் இதற்கு மறுப்பு எழுதினால் மகிழ்வேன். அடுத்த கூட்டத்தை மட்டும் சனிக்கிழமை வையுங்கள். ஞாயிறு இரவு என்னால் கடைசிவரை இருக்கமுடியாது.