அடங்கத் தெரிந்த பொறி

போடி மேற்கு மலையில், பொட்டிபுரம் பக்கம் வரவிருந்த நியூட்ரினோ ஆய்வகத்தைப் பற்றி, வேண்டும் என்றும் வேண்டாம் என்றும் ஊரே பேசித் தீர்த்தது. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தும் மலை குடையப்படவில்லை. அந்த வாதத்தில் அதிகம் பேசப்படாமல் போனது, குகைக்குள் அடுக்க நினைத்த சுமார் 29,000 கண்ணாடிக் கருவிகளின் நுட்பம். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி, அதில் வாயு, குறுக்கே ஏறத்தாழ 10,000 வோல்ட். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று ஊடுருவினால் அந்த இடத்தில் மட்டும் எலெக்ட்ரான்கள் பெருகும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்த மறுப்பதால், பெருகியவை அதன் முகத்தில் தேங்கி, தம்மைப் பெருக்கிய மின்புலத்தையே அங்கே தணித்துவிடும். பொறி வளருமுன் அடங்கும்.

கண்ணாடியின் இதே பிடிவாதத்தை வைத்துத்தான் 1857-இல் வெர்னர் சீமென்ஸ் ஓசோன் தயாரித்தார். காற்றிலுள்ள நச்சைச் சிதைக்கும் குளிர் பிளாஸ்மா கருவிகள் பலவும் அந்த வம்சம். தகடுகளுக்கிடையே மயிரிழை போன்ற ஊதா நூல்கள் தோன்றித் தோன்றி மறையும். ஒவ்வொன்றின் ஆயுளும் ஒரு வினாடியின் நூறு கோடியில் சில பத்துப் பங்குக்குள்தான். கோடை மழைக்கு முன் மலைச்சரிவில் இறங்கும் மின்னல் தான் போகும் வழியையே கொளுத்திவிட்டுப் போகும். இந்த நூலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இனிதான். நூலுக்குள் பறக்கும் எலெக்ட்ரானின் வெப்பநிலை பத்தாயிரக்கணக்கான டிகிரி. சுற்றியிருக்கும் காற்றோ சுடாது. நைட்ரஜன் மூலக்கூறு எலெக்ட்ரானைவிட ஐம்பதாயிரம் மடங்கு கனம். கடுகு மோதி மாங்காய் நகருமா? தள்ள முடியாத எலெக்ட்ரான் உடைக்க மட்டும் செய்கிறது. ஆக்சிஜனைப் பிளக்கிறது, நீராவியிலிருந்து ஹைட்ராக்சிலைப் பிய்த்தெடுக்கிறது. பகல் முழுக்க வெயிலின் தயவில் வானமே காற்றைக் கழுவப் பயன்படுத்துவதும் இதே ஹைட்ராக்சிலைத்தான். நச்சை உலையில் எரித்தால் காற்று மொத்தத்தையும் சூடாக்க வேண்டும். இங்கே அந்த வீண்செலவு இல்லை.

விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் திணறும் டீசல் ஜீப்பின் புகையில் நைட்ரிக் ஆக்சைடு உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் டீசல் புகையைப் பிளாஸ்மாவால் சுத்தம் செய்யும் ஆய்வு நெடுநாளாக நடந்திருக்கிறது. அதில் ஒரு சங்கடம்: பிளாஸ்மா பெரும்பாலும் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. பின்னது முன்னதைவிடப் பொல்லாதது, ஆனால் பிடிக்க எளிது; அடுத்து ஒரு உறிஞ்சியோ வினையூக்கியோ வைத்தே ஆகவேண்டும். மிச்சமாகும் ஓசோனையும் இப்படி வேலை வாங்கலாம். மாங்கனீசு ஆக்சைடின் மேல் விட்டால் அது உடைந்து, உடையும்போது எஞ்சிய நச்சையும் ஆக்சிஜனேற்றம் செய்யும். கழிவையே கூலியாளாக்கும் இந்த யோசனை யாருக்கு முதலில் வந்ததோ, கெட்டிக்காரர்.

ஆனாலும் ஏலக்காய் குடோனுக்குள் இதை வைக்கச் சொன்னால் ஒப்ப மாட்டேன். நச்சு, மணம் என்ற பேதம் ஹைட்ராக்சிலுக்குக் கிடையாது. ஏலத்துக்கு மணம் தரும் சினியோலையும் அது கடித்துவிடும். வேண்டுமானால் காய் உலர்த்தும் ஸ்டோரின் புகைபோக்கியில் வைத்துப் பார்க்கலாம். அங்கே விறகுக் கரியை முதலில் வடிகட்ட வேண்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும். கண்ணாடி மேல் அது படிந்தால் பொறி சொன்னபடி கேட்காது.