பாடாத பாராட்டு

சில ஆண்டுகளுக்கு முன் காவிரிக் கடைமடைப் பங்கு ஒன்றில் தமிழ்க் கிறிஸ்தவ இசைப் பெரியோர்க்கு விழா எடுத்தார்கள். மேடையில் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் உருவப்படம். அதற்கு ஒரு சம்பங்கி மாலை. நால்வர் பேசினோம். தமிழின் முதற் புதினத்தைத் தந்தவர், நேர்மை தவறாத முனிசீப், பெண்கல்விக்காக வாதாடியவர், நம் மறையைச் சார்ந்தவர் என்று அடுக்கினோம். எல்லாம் உண்மையே. கூட்டம் கலையும் தறுவாயில் பின்வரிசையிலிருந்து முதியவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அவர் பாட்டு ஒன்றைப் பாடச் சொல்லுங்களேன்" என்றார். பாடற்குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டனர். எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. மேடையில் அமர்ந்திருந்த எனக்கும் தெரியவில்லை. நன்றியுரையோடு விழா இனிதே நிறைவுற்றது.

அன்றைய வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம். இசைவாணரைப் போற்றுவது என்றால் என்ன? படத்துக்கு மாலையா, தெருவுக்குப் பெயரா, மணிமண்டபமா? இவை வேண்டா என்பதன்று. ஆயினும் பாட்டை விட்டுவிட்டுப் பாடியவரைப் போற்றுவது, விருந்தை உண்ணாமல் சமைத்தவரைப் புகழ்வது போன்றதே.

சிறு நிலம், பெருஞ் செல்வம்

மயிலாடுதுறையிலிருந்து சீர்காழிக்கு 20 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் தொலைவு. வயலும் வாய்க்காலுமான இந்தச் சிறு நிலம் தமிழிசைக்கு அளித்த கொடை அளவிறந்தது. திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் சீர்காழி. அதே ஊரில் தோன்றிய முத்துத்தாண்டவர், திருவாரூர் மும்மூர்த்திகளுக்கு முன்பே பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கீர்த்தனை அமைப்பில் தமிழ்ப் பாடல்களை இயற்றியவர். தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர், இராமகாதையை இசை நாடகமாக்கித் திருவரங்கத்தில் அரங்கேற்றினார். தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளை கூத்தப் பெருமானைப் பாடினார். இம்மூவரையும் தமிழிசை மூவர் என்கிறோம். சீர்காழியில் இவர்களுக்கு மணிமண்டபமும் உண்டு.

மூவருள் முத்துத்தாண்டவரின் நிலை நமக்கு ஒரு பாடம். அவர் பாடியவற்றுள் நமக்குக் கிடைப்பவை 60 கீர்த்தனங்களும் 25 பதங்களுமே. அவற்றுக்கும் பழைய இசை வடிவம் கிட்டவில்லை. 20 ஆம் நூற்றாண்டில் தமிழிசை இயக்கம் எழுந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்க் கீர்த்தனைகளைச் சுரப்படுத்தி வெளியிட்டிராவிட்டால், இன்று மேடையில் ஒலிக்கும் பல பாடல்கள் ஏட்டுச் சுரைக்காயாகவே போயிருக்கும். பாடுவாரின்றேல் பண்ணுக்கு வாழ்வில்லை.

ஒருவரையொருவர் போற்றிய காலம்

19 ஆம் நூற்றாண்டில் இந்நிலத்தில் நால்வர் ஒருவரையொருவர் அறிந்து வாழ்ந்தனர். திருவாவடுதுறை ஆதீனத்தின் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவ்வாதீனத்தின் தலைவராய் விளங்கிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குளத்தூரில் 1826 இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முனிசீப்பாகப் பணியாற்றிய வேதநாயகம் பிள்ளை.

இவர்கள் ஒருவரையொருவர் போற்றிய முறையைப் பாருங்கள். சைவப் பெரும்புலவரான மகாவித்துவான், கத்தோலிக்க நீதிபதியைப் பாட்டுடைத் தலைவராக்கிக் 'குளத்தூர்க் கோவை' பாடினார். வேதநாயகர் சைவ ஆதீனத் தலைவரின் கொடையைப் பாடினார். தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் சொல்லும் 1876–78 ஆம் ஆண்டுக் கொடும் பஞ்சத்தில் வேதநாயகர் தம் பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி திறந்தபோது, சிவபக்தரான பாரதியார் அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். இவர்களுள் எவரும் தம் சமயத்தைக் கைவிடவில்லை. எவரும் பிறர் சமயத்தைத் தாழ்த்தவுமில்லை. தம்மிடமிருந்த சிறந்ததை, அதாவது தம் பாட்டை, பிறருக்கு மாலையாகச் சூட்டினர்.

அது வெறும் முகமன் அன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. நந்தனார் சரித்திரத்துக்குப் பாரதியார் சிறப்புப்பாயிரம் கேட்டபோது, இலக்கணப் பிழைகளைக் கண்ட மகாவித்துவான் கொடுக்கத் தயங்கிக் காலம் கடத்தினார். ஒரு நாள் பாரதியார் காத்திருந்தபடியே அக்கீர்த்தனைகளைப் பாடிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து கேட்ட மகாவித்துவானின் கண்கள் கலங்கின. பாயிரம் பிறந்தது. பிழையைப் பிழையென்று கண்ட அதே மனம், இசையின் உண்மைக்குத் தலைவணங்கியது. மதிப்பீடு இல்லாத பாராட்டு பாராட்டே அன்று என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல இயலும்?

வேதநாயகரின் இசைத்தமிழ்

அந்த அளவுகோலையே வேதநாயகரின் கீர்த்தனைகளுக்கும் கொள்வோம். 1878 இல் வெளியான 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' அவருடைய இசைநூல்களுள் புகழ் மிக்கது. எந்தச் சமயத்தாரும் தம் கடவுளை எண்ணிப் பாடத்தக்கதாக, இறைவனைப் பெயரால் அன்றிப் பண்புகளால் அழைக்கும் பாடல்கள் அவை. பிற சமயத்தாரிடம் உள்ள உண்மையையும் தூய்மையையும் மதிக்குமாறு இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 இல் நமக்குக் கற்பித்தது. அதற்கு 87 ஆண்டுகளுக்கு முன்னரே கத்தோலிக்கப் பொதுநிலையினர் ஒருவர், கோட்பாடாக அன்றிப் பாட்டாகவே அதைச் செய்து காட்டினார்.

இப்பாடல்களின் முதற் சிறப்பு தெளிவு. உரையாசிரியர் துணை வேண்டாமல் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கும். எதுகையும் மோனையும் துள்ளினாலும் சொல் சிக்குவதில்லை. இரண்டாவது சிறப்பு, பாடுபொருளின் அகலம். துதியோடு நில்லாமல், கைக்கூலியும் உத்தியோகச் செருக்கும் குடும்ப வாழ்வும் கீர்த்தனைக்குள் வந்துவிடுகின்றன. நாள்தோறும் பொய்ச்சாட்சியைக் கேட்ட ஒரு நீதிபதியின் செவி அவற்றில் இருக்கிறது.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். பல பாடல்களில் பாடுகிறவரைவிடப் போதிக்கிறவரே முன்னிற்கிறார். நெஞ்சுக்கு அறிவுரை சொல்லும் குரல் நேர்மையானது; ஆனால் நெஞ்சு நடுங்குவதில்லை. பாரதியாரின் நந்தனிடம் ஒரு கதை இருக்கிறது: வேதியர் நிலத்தில் உழைக்கும் பண்ணையாள், தில்லை காண ஏங்கும் ஏக்கம், நாளைப் போவேன் என்னும் தவிப்பு. அந்த வேதியர் பெரியபுராணத்தில் இல்லாதவர். இந்நிலத்து வயல்களைக் கண்ட பாரதியாரின் படைப்பு. பெயரில்லா இறைவனைப் பாடும் சமரசக் கீர்த்தனையில் அப்படிப்பட்ட கதைக்கு இடமில்லை. பெத்லகேமும் கல்வாரியும் அங்கே வரவியலா. எல்லாரும் அமரத்தக்க திண்ணை அமைத்தவர், வீட்டின் உள்ளறையைத் திறந்து காட்டவில்லை. சமரசத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

ஆனால் பஞ்சப் பாடல்களுக்கு வரும்போது இக்குறை மறைகிறது. பசியைத் தீர்க்க இறைவனை இறைஞ்சும் அக்கீர்த்தனைகளில் போதகர் விலகிக்கொள்கிறார். பட்டினியைக் கண்ணால் கண்டு, கையிலிருந்ததைக் கொடுத்தும் போதாமல் நிற்கும் மனிதர் ஒருவர் கதறுகிறார். பசித்தவனுக்குக் கடவுளின் பெயரைச் சொல்ல நேரமில்லை, கூப்பிடத்தான் தெரியும். பெயர் சொல்லாத வழிபாடு அங்கே கொள்கையாக நில்லாமல் உயிர்த்துடிப்பாகிறது. இப்பாடல்களை அவருடைய இசைத்தமிழின் உச்சமாக நான் கருதுகிறேன்.

நம் வீட்டில் நேர்ந்தது

வீட்டின் உள்ளறையை அவர் பூட்டியே வைத்தவர் அல்லர். 'சத்திய வேதக் கீர்த்தனை', 'தேவமாதா அந்தாதி', 'பெரியநாயகி அம்மை பதிகம்' ஆகியவற்றை நமக்கென்றே பாடி வைத்தார். விந்தை இதுதான்: யாவர்க்கும் பொதுவாகப் பாடிய கீர்த்தனைகளைக் கருநாடக இசை மேடைகளில் பிற சமயத்தார் பாடக் கேட்டிருக்கிறேன். நமக்கென்று பாடியவற்றை நம் ஆலயங்களில், என் செவிக்கு எட்டியவரை, கேட்டதில்லை. அயலார் தம் பங்கைப் பெற்றுக்கொண்டனர். மக்களாகிய நாமோ நம் பங்கைப் பிரித்தும் பார்க்கவில்லை.

சீர்திருத்தச் சபையினரைப் பாருங்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) பாடிய கீர்த்தனைகள் இன்றும் அவர்கள் வழிபாட்டில் உயிரோடு உள்ளன. பெயர் ஒற்றுமையால் இவ்விருவரையும் ஒருவரென மயங்குவோர் நம்மிடையே உண்டு. அம்மயக்கமே நம் மறதிக்கு அளவுகோல். சாஸ்திரியாருக்கு அச்சபையார் செய்த பெரும் சிறப்பு எளியது: பாடல்களைப் பாட்டுப் புத்தகத்தில் சேர்த்தார்கள், தாய் பாட, மடியிலிருந்த பிள்ளை கற்றது.

தடைகள் உண்மையில் உண்டு. பழைய பதிப்புகளில் இராகமும் தாளமும் குறிக்கப்பட்டிருந்தாலும் மெட்டை நாமேதான் அமைக்க வேண்டும். பொதுத்துதிப் பாடல்கள் யாவும் திருப்பலிக்குப் பொருந்தா. திருவழிபாட்டுப் பாடல்கள் விவிலியத்தையும் வழிபாட்டையும் ஊற்றாகக் கொள்ளவேண்டும் என்பது திருச்சபையின் நெறி. எனினும் அதே சங்கம் 1963 இல் திருவழிபாடு பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டில், தமக்கென இசை மரபுள்ள மக்களிடையே அம்மரபுக்கு உரிய மதிப்பும் தகுந்த இடமும் தரப்பட வேண்டும் என்றும் பணித்தது. நம் கீர்த்தனை அமைப்பு அதற்கு ஏற்றதே. சரணத்தை ஒருவர் பாட, பல்லவியை மக்கள் திரும்பத் திரும்ப எடுக்கலாம். திருப்பலியின் பதிலுரைப் பாடலில் நாம் வாரந்தோறும் செய்வது இதைத்தானே? 'சத்திய வேதக் கீர்த்தனை'யிலிருந்து தக்கவற்றைத் தெரிந்து ஆலயத்தில் பாடலாம். சமரசக் கீர்த்தனைகளை அன்பியக் கூட்டங்களிலும் திருவிழா இரவுகளிலும், பிற சமய அண்டை வீட்டாரை அழைத்தும் பாடலாம். அவை அதற்காகவே பிறந்தவை.

தாலந்தைப் புதைத்த பணியாளன் அதைத் திருடவில்லை, அழிக்கவுமில்லை. பத்திரமாகவே வைத்திருந்தான். ஆயினும் தலைவர் அவனைப் பாராட்டவில்லை. நூலகத்து அலமாரியில் பத்திரமாக இருக்கும் கீர்த்தனைகளைக் காணும்போதெல்லாம் அவ்வுவமை என்னைச் சுடுகிறது.

அவ்விழாவுக்குப் பின் பஞ்சப் பாடல் ஒன்றை நான் கற்றுக்கொண்டேன். என் குரல் நல்ல குரல் அன்று. தாளமும் சில வேளை தப்பும். ஆயினும் இனி எந்தப் பின்வரிசையிலிருந்து யார் எழுந்து கேட்டாலும் தலைகுனிய வேண்டியதில்லை. அடுத்த விழாவில் பேச்சாளர் ஒருவரைக் குறைத்து ஒரு பாட்டைக் கூட்டுங்கள். அந்த ஒருவர் நானாக இருப்பினும் மகிழ்ச்சியே.