பாட்டும் பேஸும் ஒருவரிடமே

ராக் குழுவில் பேஸ் கிதார்க்காரர் டிரம்ஸோடு சேர்ந்து தாளத்தைக் கட்டிக்காப்பவர். பாடகருக்கோ தாளத்தின் முன்னும் பின்னும் தள்ளி எடுத்துப் பாடும் உரிமை உண்டு. இரண்டையும் ஒருவரே ஏற்பது, கை தாளம் போட வாய் எதிரெடுப்பில் பாடுவதைப் போன்ற கடும் சாதகம். இந்த மரபில் பாணிகள் பல, அளவுகோல் ஒன்றுதான். குரல் நுழைந்ததும் கை ஒடுங்கிவிடுகிறதா?

அந்த அளவுகோலை நிறுவியவர் ஜாக் புரூஸ் என்பேன். 1943-ல் ஸ்காட்லாந்தின் பிஷப்பிரிக்ஸில் பிறந்தார். கிளாஸ்கோவில் இசைக் கல்லூரியில் செல்லோ பயின்றார். அவர் ஜாஸ் வாசிப்பதைக் கல்லூரி விரும்பவில்லை, படிப்பை விட்டுவிட்டார். லண்டனில் அலெக்ஸிஸ் கார்னர், கிரஹாம் பாண்ட் குழுக்களில் தேர்ந்தார். பாண்ட் குழுவில் உடன் வாசித்த ஜான் மெக்லாக்லின்தான் பின்னாளில் நம் விக்கு விநாயக்ராமோடு 'சக்தி' இசைக்குழுவில் சேர்ந்தவர்.

1966-ல் கிதார்க்காரர் எரிக் கிளாப்டன், டிரம்ஸ் வாசிக்கும் ஜிஞ்சர் பேக்கரோடு 'கிரீம்' குழு பிறந்தது. மேடையில் மூவரே. கிதார் தனியே கிளம்பினால் பின்னால் நிரப்ப வேறு ஆளில்லை. அந்த இடத்தை புரூஸின் பேஸ் எடுத்துக்கொண்டது. அவருடைய கிப்சன் இபி-3 கழுத்து குட்டையான கருவி. தந்திகளை கிதாரில்போல இழுத்து வளைத்தார். 1968-ல் வந்த 'வீல்ஸ் ஆஃப் ஃபயர்' ஆல்பத்தில் 'ஸ்பூன்ஃபுல்' மேடைப் பதிவு 16 நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடும் பகுதியில் குரல் ப்ளூஸில் இழைகிறது. பாட்டு நின்றதும் பேஸ் துணைக்கருவி என்ற நிலையை உதறி, கிதாரோடு சரிக்குச் சரி மோதுகிறது. அந்தத் துணிவை அதற்குமுன் ராக் மேடை அதிகம் கண்டதில்லை.

பால் மெக்கார்ட்னியின் பாணி வேறு. அவர் பேஸே தனியொரு மெட்டு. ஆனால் 'பீட்டில்ஸ்' பிற்காலப் பதிவுகள் பலவற்றில் பேஸைப் பின்னர் தனியாகச் சேர்த்தார். ஆகவே அவரை மேடையில் வைத்தே எடைபோட வேண்டும். 'மோட்டர்ஹெட்' லெம்மி ரிதம் கிதாரிலிருந்து வந்தவர். பேஸிலும் கார்டுகளை அறைந்தார். ஸ்டிங்குக்கு இடைவெளியே பலம்: குறைவான சுரங்கள், நிறைந்த மௌனம். கனடாவின் 'ரஷ்' குழுவில் கெடி லீ பாடிக்கொண்டே பேஸ் வாசித்தார், கீபோர்டும் வாசித்தார், காலால் பெடல்களை மிதித்துக் கூடுதல் ஒலியும் எழுப்பினார். புரூஸைத் தம் முன்னோடிகளில் ஒருவராகச் சொன்னவர் அவர். உழைப்பில் லீயை விஞ்ச ஆளில்லை. ஆனாலும் அந்தந்தக் கணத்தில் புதிதாகக் கற்பனை செய்வதில் புரூஸே முதல்வர்.

'கிரீம்' 1968 நவம்பரில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் விடைபெற்றது. புரூஸ் 2003-ல் கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையில் உயிர் தப்பி, 2005 மே மாதம் அதே அரங்கில் பழைய தோழர்களோடு மீண்டும் பாடி வாசித்தார். 2014 அக்டோபர் 25 அன்று மறைந்தார்.

பேஸ் பழகும் இளைஞர்களே, 'ஸ்பூன்ஃபுல்' பதிவைக் குரலுக்காக ஒருமுறையும் பேஸுக்காக ஒருமுறையும் கேளுங்கள். பிறகு பாடிக்கொண்டே வாசித்துப் பாருங்கள்.