முன்பணமா, கடனா?

கீபோர்டுதானே, ஐந்நூறு ரூபாய்க்குக் கடையில் கிடைக்குமே என்பீர்கள். தட்டினால் எழும் சத்தத்துக்காகவே ஸ்விட்ச், கீகேப், அலுமினியப் பெட்டி என்று தனித்தனியாக வாங்கிக் கோக்கிற ஆசாமிகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களுடைய கொள்முதல் முறைக்குப் பெயர் 'குரூப் பை'. ஒருவர் டிசைன் போடுவார். வேண்டியவர்கள் முழுப்பணத்தையும் முன்கூட்டியே கட்டுவார்கள். அதற்கப்புறம்தான் தொழிற்சாலைக்கு ஆர்டர் போகும்.

நல்ல ஏற்பாடுதான். குறைந்தபட்சம் இத்தனை செட் என்றால்தான் மெஷினை ஓட்டுவார்கள். அந்த முதலுக்குத் தனியாள் எங்கே போவார்? ஜெர்மனியின் ஜிஎம்கே செய்த எத்தனையோ வண்ண கீகேப்கள் இப்படிப் பிறந்தவைதான்.

ஆபத்து கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. முன்பணம் விற்பவரின் வருமானம் அல்ல, அவர் பட்ட கடன். புது ஆர்டர் பணத்தில் பழைய ஆர்டரை முடிக்க ஆரம்பித்தாரென்றால், ஓடிப்போகிற சீட்டுக் கம்பெனிக்கும் அவருக்கும் வித்தியாசமில்லை. கடை திவாலானால், ஈடில்லாமல் கடன் கொடுத்த நீங்கள் வரிசையில் பின்னால் நிற்கிற ஆள். பேபாலில் புகார் கொடுக்க 180 நாள்தான் அவகாசம். 2021-22இல் கீகேப் வரவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

ஆசை இருந்தால் சேருங்கள், தப்பில்லை. ஆனால் பொருள் வாங்குவதாக நினைக்காதீர்கள். வட்டியில்லாக் கடன் கொடுக்கிறீர்கள். கைமாற்று கேட்டு வருகிறவரிடம் கேட்பீர்களே, அந்தக் கேள்வியை இங்கேயும் கேளுங்கள்: 'போன தடவை வாங்கியதைக் கொடுத்துவிட்டீர்களா?'