பெரியப்பா "போ" என்றால் போ அல்ல: ராமச்சந்திரனின் புத்தகத்தில் இல்லாத தமிழ்

வி.எஸ். ராமச்சந்திரனின் 'தி டெல்-டேல் பிரெயின்' (2011) புத்தகத்தை ரெண்டு தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை ரசிகனாக. ரெண்டாவது தடவை, ஸ்ட்ரோக் வந்து பேச்சு போன பெரியப்பாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து. இந்தக் குறிப்பு அந்த ரெண்டாவது வாசிப்பைப் பற்றியது.

ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த தமிழர். அடிபட்ட மூளையை வைத்து மூளை வேலை செய்யும் விதத்தை விளக்குவதில் கெட்டிக்காரர். மொழி பற்றிய அத்தியாயத்தில் அஃபேசியாவின் ரெண்டு முக்கிய வகைகளைப் பிரித்துக் காட்டுகிறார். புரோக்கா வகையில் பேச்சு திணறித் திணறி வரும், இலக்கணம் உதிர்ந்திருக்கும், ஆனால் சொல்ல வந்த விஷயம் உள்ளே இருக்கும். வெர்னிக்கி வகையில் பேச்சு சரளமாக ஓடும், அர்த்தம் இருக்காது.

எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் "வாய் இழுத்துக்கிச்சு" என்ற ஒரே பேர்தான். பெரியப்பா புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் காலமெல்லாம் கணக்கு எழுதியவர். பேச வரலைன்னா எழுதட்டுமே என்று நோட்டைக் கொடுத்தோம். வலது கை விழுந்திருந்ததால் இடது கையில் பேனாவைப் பிடித்தார். வெறும் கிறுக்கல்தான் வந்தது. "புத்தியும் போச்சு" என்று முடிவு கட்டிவிட்டோம். தசை தளர்ந்து வாய் மட்டும் குழறினால் எழுத்து தப்பிக்கும். அஃபேசியாவில் பேச்சோடு எழுத்தும் சேர்ந்து அடிபடும். அதனால் புத்தி போய்விட்டது என்று ஆகாது. இது எங்களுக்கு உறைக்க இந்த அத்தியாயம் உதவியது. அந்த நன்றி எனக்கு உண்டு.

இந்தப் புத்தகத்தின் மேல் வழக்கமாகச் சொல்லப்படும் குறை, கண்ணாடி நியூரான்கள் மேல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிவிட்டார் என்பது. அந்தக் கொள்கையை மறுத்து கிரகரி ஹிக்கோக் 2014ல் தனிப் புத்தகமே எழுதினார். என் குறை வேறு. இதில் அஃபேசியா இங்கிலீஷில் மட்டுமே நடக்கிறது.

இங்கிலீஷில் புரோக்கா நோயாளி 'அண்ட்', 'இஃப்' மாதிரியான சின்னச் சொற்களை விட்டுவிடுவார். பேச்சு பழைய தந்தி மாதிரி இருக்கும். தமிழில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் விகுதியும் உருபும். அவை உதிர்ந்தால் என்ன மிஞ்சும்? பெரியப்பா "போ" என்பார். விரட்டுகிறார் என்று நினைத்து பெரியம்மா அழுதுகொண்டே வெளியே போவார். அவர் சொல்ல நினைத்தது "போகணும்", அதாவது பாத்ரூமுக்கு. தமிழில் "போ" முழுசான ஒரு கட்டளை. விகுதி விழுந்தால் கெஞ்சல்கூட அதட்டலாகக் கேட்கும்.

ஹீப்ருவில் இன்னொரு விதம். அங்கே வெறும் வேரை உச்சரிக்கவே முடியாது என்பதால், நோயாளிகள் விகுதியை விடுவதில்லை, மாற்றிப் போடுகிறார்கள் என்று யோசெஃப் குரோட்சின்ஸ்கி 1984லேயே எழுதினார். ஆக, காயம் ஒரே மாதிரி இருந்தாலும், காதில் விழும் நோய் மொழிக்கு மொழி மாறும்.

ராமச்சந்திரன் இதை யோசிக்க முடியாதவர் அல்ல. 'பூபா', 'கிகி' என்ற ரெண்டு பெயரில் எது வளைந்த உருவத்துக்கு, எது கூரான உருவத்துக்கு என்று கேட்கும் சோதனையைத் தமிழ் பேசுகிறவர்களிடமும் நடத்தியவர் அவர். ஒலிக்குத் தமிழ்க் காதைத் தேடி வந்தவர், இலக்கணம் உடைவதைச் சொல்லும்போது தமிழ் வாயைத் தேடவில்லை. அது ஓர் ஆய்வாளரின் விடுபடல் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். எங்கள் வீட்டில் அது பல வாரக் கண்ணீர்.

புத்தகத்தைக் கட்டாயம் படியுங்கள். வீட்டில் யாருக்காவது பேச்சு போயிருந்தால், அவர் சொல்லும் ஒற்றைச் சொல்லின் வாலில் என்ன விழுந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொண்டு படியுங்கள். இப்போதெல்லாம் பெரியப்பா "போ" என்றால் யாரும் எழுந்து போவதில்லை. "பாத்ரூமுக்கா?" என்று பெரியம்மா கேட்கிறார். அவர் தலையாட்டுகிறார்.